இணையத்தளத்தில் எதை எழுதுவது?

சுயதொழிற் பயிற்சிகளுக்குப் போய்வந்த சகோதரிகள் பலர் இன்று தமது தொழிலுக்கென ஓர் இணையத்தளம் அமைக்க விரும்புகின்றனர். அமைத்துத் தருவதற்குக் கணினி படித்த பிள்ளைகள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் "அக்கா, உள்ளுக்கு என்ன போடுறது?" என்று அந்தப் பிள்ளை கேட்கும்போதுதான் பலர் திகைத்துப் போகின்றனர். கடைசியில் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தைப் பார்த்து 'எமது தூரநோக்கு', 'எமது பணிக்கூற்று' என்று இரண்டு பந்திகளை ஒட்டிவிடுவார்கள். ஒடியல் மா வாங்க வந்தவருக்கு உங்கள் தூரநோக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது உங்களிடமே இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்து, பொருள் வாங்குவோர் நேரிலும் தொலைபேசியிலும் கேட்கும் கேள்விகளை ஒரு மாதத்துக்கு எழுதி வாருங்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதுங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள்தான் உங்கள் தளத்தின் உள்ளடக்கம்.

ஒடியல் மாவையே எடுத்துக்கொள்வோம். எமக்கு அது பழகிய பொருள். கொழும்பிலோ கனடாவிலோ வளர்ந்த பிள்ளைக்கு அப்படியல்ல. அம்மம்மாவின் கூழ் நினைவில் இருக்கும், செய்முறை தெரியாது. ஒடியல் என்பது பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது, புழுக்கொடியல் என்பது அவித்துக் காயவைத்தது என்ற வேறுபாடும் தெரியாது. ஒன்றை நினைத்து மற்றதை வாங்கிவிட்டு, பொருள் சரியில்லை என்று உங்களையே குறை சொல்வார். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் நீரை வடித்து, கசப்பைப் போக்கிய பின்னரே கூழுக்கோ பிட்டுக்கோ எடுக்க வேண்டும் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டாமா? அதை உங்கள் தளம் சொல்லட்டும். கூடவே நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயிற்றங்காய், புளி, செத்தல்மிளகாய் சேர்த்து உங்கள் வீட்டில் கூழ் காய்ச்சும் முறையையும் எழுதுங்கள். இரவல் வாங்கிய தூரநோக்கைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் விற்றுத் தரும். ஒடியற்கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று இணையத்தில் தேடுபவர், மா எங்கே கிடைக்கும் என்பதையும் அதே இடத்தில் கண்டுகொள்வார்.

பனையோலைப் பொருட்களுக்குக் கேள்விகள் வேறு. கடகத்தின் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, சாயம் போட்ட ஓலையா, நனைந்தால் சாயம் கழருமா, இருபது வேண்டுமென்றால் எத்தனை நாள் எடுக்கும். 'சிறியது', 'பெரியது' என்று எழுதினால் போதாது, அடிமட்டத்தை வைத்து அளந்து எழுதுங்கள்.

விலையை மறைக்க வேண்டாம். 'விலைக்கு அழைக்கவும்' என்றிருந்தால் பலர் அழைப்பதேயில்லை. பருவத்துக்குப் பருவம் விலை மாறும் என்றால், எந்தத் திகதியின் விலை என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள். நிறை, தபாற் செலவு, பணம் செலுத்தும் வழி ஆகியனவும் இருக்க வேண்டும். உணவுப் பொருளானால், பொதியின் லேபலில் உள்ள நிகர நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி என்பவை தெரியும்படி ஒரு படமும் போடலாம்.

பெயர்களையும் யோசித்து எழுத வேண்டும். நாம் பனங்கட்டி என்பதைச் சிங்களத்தில் 'தல் ஹகுரு' என்பார்கள், ஆங்கிலத்தில் 'பல்மைரா ஜகரி'. மூன்று மொழியிலும் பெயர் இருந்தால் மூன்று மொழியில் தேடுபவருக்கும் அகப்படும். முழுத் தளத்தையும் மூன்று மொழியில் எழுத வசதியில்லாவிட்டால், பொருளின் பெயரையும் நிறையையும் விலையையும் மட்டுமாவது எழுதுங்கள். இன்னுமொன்று. அச்சகங்களில் பழகிய பாமினி எழுத்தில் அடித்ததை அப்படியே ஒட்டினால், பார்ப்பவருக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களே தெரியக்கூடும். தளத்துக்கு யூனிகோட் தமிழே வேண்டும். விபரமெல்லாவற்றையும் ஒரு படத்துக்குள் எழுதிப் போடுவதும் நல்லதல்ல, படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

விற்பனைக்காகப் பொய் எழுதக் கூடாது. 'பனங்கட்டியை நீரிழிவு நோயாளர் பயமின்றிச் சாப்பிடலாம்' என்ற விளம்பரங்களை நாம் காண்கிறோம். பனங்கட்டியும் பெரும்பகுதி சீனிச் சத்துத்தான். உணவுப் பொருளை நோய் தீர்க்கும் மருந்தாக விளம்பரம் செய்வதை எமது நாட்டின் உணவுச் சட்ட ஒழுங்குவிதிகளும் அனுமதிப்பதில்லை. பதநீரிலிருந்து காய்ச்சப்பட்டது, சீனி கலக்கப்படவில்லை என்று சொல்லுங்கள், அது உண்மையாக இருந்தால்.

இனி, எம்மவரில் பலர் தயங்கும் ஒரு விடயம். 'உங்கள் கதையைப் போடுங்கள், கணவரை இழந்ததை எழுதுங்கள், பிள்ளைகளோடு நிற்கும் படத்தைப் போடுங்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்குவார்கள்' என்று உதவிக்கு வருபவர்களே சொல்வதுண்டு. வாங்கவும் கூடும். ஆனால் இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். மா நன்றாக இருந்ததென்று கண்டவர்தான் அடுத்த மாதமும் கேட்பார். அத்தோடு, இணையத்தில் ஏறிய படத்தைப் பிறகு எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிட முடியாது. பத்து வருடம் கழித்து உங்கள் மகளின் வகுப்புத் தோழி அதைப் பார்ப்பாள். உங்கள் துயரத்தைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் உரிமை, அது பொருளுக்குச் சேர்க்கும் இலவச இணைப்பு அல்ல. எழுத விரும்பினால் தொழிலின் கதையை எழுதலாம். பாய் இழைக்க யாரிடம் பழகினீர்கள், ஓலை எங்கிருந்து வருகிறது, ஒரு கடகத்துக்கு எத்தனை நாள் செல்கிறது என்பவற்றை வாசிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். முகம் காட்ட விருப்பமில்லையா? ஓலை வாரும் கைகளின் படம் போதும்.

பெண் தனியே பிள்ளைகளோடு இருக்கும் வீட்டின் விலாசத்தைத் தளத்தில் போட முன்னர் இருமுறை யோசியுங்கள். 'கணவரில்லாத பெண்' என்ற விபரமும், வீட்டு விலாசமும், கைத்தொலைபேசி இலக்கமும் ஒரே பக்கத்தில் இருந்தால் வரும் அழைப்புகள் எல்லாம் மாவுக்காக வராது. தொழிலுக்கென்று வேறாக ஓர் இலக்கம் எடுங்கள். அழைக்கக்கூடிய நேரத்தையும் எழுதிவிடுங்கள். உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் சம்மதித்தால் அதன் விலாசத்தைத் தொடர்புக்குக் கொடுக்கலாம்.

தளத்தைத் திட்டமொன்றின் உதவியோடு அமைப்பவர்கள் முதல் நாளே கேட்க வேண்டியது, தளத்தின் பெயர் யாருடைய மின்னஞ்சலில் பதியப்படுகிறது என்பதை. திட்ட உத்தியோகத்தரின் மின்னஞ்சலில் பதிந்திருந்தால், அவர் இடமாற்றம் பெற்றுப் போனபின் வருடாந்தக் கட்டணத்தை நினைவூட்டும் கடிதம் அவருக்கே போகும். கட்டாமல் விட்டால் தளம் மூடப்பட்டுவிடும். பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். கடவுச்சொல்லையும் கட்டணம் கட்டவேண்டிய மாதத்தையும், கேள்விகள் எழுதிய அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கொப்பியைப் பெட்டிக்குள் பூட்டி வையுங்கள்.