மலையின் மூத்த மொழி

நமது கேமரன் மலையில் தமிழ், மலாய், சீனம் ஆகிய மொழிகளை நாள்தோறும் கேட்கிறோம். இவை இங்கு வந்து சேர்வதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மலையில் வழங்கிய மொழி ஒன்று உண்டு. அதுவே செமாய் மொழியாகும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் இம்மலையை அளக்க வந்தபோதும், 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தோன்றியபோதும் செமாய் மக்கள் இங்கு வாழ்ந்துகொண்டிருந்தனர்.

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மக்களை ஓராங் அஸ்லி என்கிறோம். அவர்கள் 18 பிரிவினர். அவர்களுள் தொகையால் மிகுந்தோர் செமாய் மக்களே. பெரும்பாலோர் பகாங், பேராக் மாநிலங்களில் வாழ்கின்றனர்.

செமாய், மலாய் மொழியின் ஒரு கிளை எனச் சிலர் எண்ணுவர், அஃது உண்மையன்று. அது கம்போடியாவின் கெமர், வியட்நாமியம் ஆகியவற்றுக்கு உறவான மொழி. இந்தியாவில் வழங்கும் காசி, முண்டாரி, சந்தாலி ஆகியனவும் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாய் மொழியில் நாயை 'அஞ்சிங்' என்பர். செமாய் மக்களோ 'சோ' என்பர். வியட்நாமியரும் ஏறத்தாழ அவ்வாறே கூறுவர்.

மதுரைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் வேறுபடுவதுபோல், செமாய் மொழியும் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறுபடும். நாம் 'சலசல', 'படபட' என இரட்டைக்கிளவி வழங்குகிறோம் அல்லவா? செமாய் மொழியில் ஓசையை மட்டுமின்றிக் காட்சியையும் மணத்தையும் உணர்வையும் சுட்டும் இத்தகைய சொற்கள் ஏராளம். மொழியறிஞர் ஜெரார் டிஃப்லோத் 1976ஆம் ஆண்டில் இவற்றை விளக்கி எழுதினார்.

தமிழுக்கு ஈராயிரம் ஆண்டு நூற்செல்வம் உண்டு. செமாய் மொழியோ நெடுங்காலம் எழுதப்படாமல் நாவிலேயே வாழ்ந்தது. வீட்டில் பிள்ளைகளுக்குப் பெரியோர் சொல்லாது விட்டால், ஒரு பள்ளத்தாக்கின் வழக்கே மறைந்துபோகும். இன்று மலேசிய வானொலியின் ஆசிக் அலைவரிசை செமாய் மொழியிலும் ஒலிபரப்புகிறது. சில பள்ளிகளில் அது பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழியுண்டு. பூர்வகுடி மொழிகளுக்கும் அதே 15 என்னும் எண்ணே விதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அது நடைமுறைக்கு இயல்வதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை கூடுதலாக உண்டு.

ஆதலின், தாய்மொழியைக் காக்கும் அருமையை அறிந்த நாம், அண்டையில் வாழும் மக்களின் மொழியை ஒருபோதும் எள்ளி நகையாடலாகாது. செமாய்த் தோழர்களைக் கண்டால் அவர்தம் மொழியில் ஒரு சொல்லேனும் கேட்டறிவோமாக! நம் மொழியிலும் ஒரு சொல்லை அவர்களுக்குக் கற்பிப்போமாக!