கியர்பாக்ஸை மாற்றுமுன் உரிமையாளர் அறிய வேண்டியவை

ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் பழுதுற்று, அதைச் சீர்செய்யும் செலவு காரின் இன்றைய மதிப்பில் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்று கேட்டுத் திகைத்து நிற்கும் ஒருவரிடம், சென்னைப் புதுப்பேட்டையில் பழைய மேனுவல் கியர்பாக்ஸ் ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால் செலவும் குறையும், தொல்லையும் தீரும் என்று யோசனை கூறுவோர் அநேகர் உண்டு. யோசனை முற்றிலும் தவறென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், மாற்றுகிறவர் மெக்கானிக்காக இருந்தாலும், அம்மாற்றத்துக்காகச் சட்டத்தின் முன்னும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் முன்னும் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளரே என்பதை அவர்களில் பெரும்பாலோர் எடுத்துச் சொல்வதில்லை.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும்படி எந்த உரிமையாளரும் தம் வாகனத்தை மாற்றலாகாது என்று விதிக்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இவ்விதியைக் கண்டிப்பாகவே வியாக்கியானம் செய்தது. அவ்வாண்டே நிறைவேறிய திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. வாகனத்தின் அமைப்பில் நிகழ்ந்து அதன் அடிப்படைத் தன்மையையே வேறாக்குவதுதான் ‘மாற்றம்’ என்று சட்டம் விளக்கம் தருவதால், கியர்பாக்ஸ் அதில் அடங்காது என்று வாதிப்போரும் இருக்கலாம். எனினும் சில கார்களில் ஆட்டோமேட்டிக் என்பது மாடல் பெயரோடு சேர்ந்தே சான்றிதழில் ஏறியிருக்குமாதலால், அந்த வாதத்தைத் தாமே தீர்ப்பாக எண்ணிக்கொள்ளாமல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் விண்ணப்பித்து, எழுத்து மூலமே பதில் பெறுவதுதான் உசிதம். கடன் பாக்கி உள்ள காரானால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதத்தையும் பெற்றுவிட வேண்டும்.

இனி யந்திர விஷயம். 2014-இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகைக் கார்களின் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளச்சை விடுவிப்பதையும் கியர் போடுவதையும் ஓட்டுநருக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் செய்கிறது. ஆகவே, பழுது ஆக்சுவேட்டரிலா, கிளச்சிலா, உண்மையிலேயே பல்சக்கரங்களிலா என்று பரிசோதிக்காமல் முழுப் பெட்டியையும் கழற்றச் சம்மதிப்பது வீண் செலவு. கிளச்சுக்குப் பதிலாக டார்க் கன்வர்ட்டர் உள்ள காரிலோ வேலை பெரிது: ஃபிளைவீல், கிளச் பிளேட், பிரஷர் பிளேட், கிளச் பெடல், கியர் லீவர், மவுண்ட்டுகள், பல சமயம் டிரைவ் ஷாஃப்டுகள் உட்பட யாவும் மாறவோ புதிதாகச் சேரவோ வேண்டும். இவ்வளவும் செய்தாலும், எஞ்சினை ஆளும் ஈ.சி.யூ. பழைய கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரிலிருந்து வரவேண்டிய சமிக்ஞையை எதிர்பார்த்து, அது வராமற்போகவே, எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடக் கூடும்.

இவற்றிலெல்லாம் பெரிய அபாயம் வேறொன்று உண்டு. ஆட்டோமேட்டிக் கார் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தாலொழிய ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சுவிட்ச் காவலாக இருக்கிறது. மாற்றும்போது அதற்குரிய வயர்களை வெறுமனே இணைத்துவிட்டால், கியரில் நிற்கும் கார் சாவியைத் திருப்பிய கணமே முன்னே பாயும். முன்னால் நிற்பது வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். கிளச் பெடலை முழுவதும் அழுத்தினாலன்றி ஸ்டார்ட் ஆகாத சுவிட்ச் ஒன்றைப் பொருத்தும்படி வற்புறுத்துங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ரிவர்ஸ் விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை அறிவிக்காமல் இருந்து, பின்னர் விபத்து நேர்ந்தால், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை அது மறுக்கவோ குறைக்கவோ முற்படும். அந்த மறுப்பு நியாயமற்றதென்று தோன்றினால், முதலில் கம்பெனிக்கே எழுதி, பரிகாரம் கிட்டாதபோது ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பழைய பாகம் வாங்கும்போது பில் கேட்டுப் பெறுவதும் அவசியம். திருட்டுக் காரிலிருந்து கழற்றியதாயின், வாங்கியவரும் விசாரணைக்கு உள்ளாவார்.

வேலை சரியில்லாமற்போனால் வாய்ச்சண்டையால் பிரயோஜனமில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணமில்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதுமில்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம். ஆனால் பில்லும், எழுதித் தந்த மதிப்பீடும், வேறொரு ஒர்க்‌ஷாப் பரிசோதித்துத் தந்த அறிக்கையும் இல்லாத மனு பலவீனமானது. ஆகவே வேலையைத் தொடங்குமுன், என்னென்ன பாகங்கள் மாறும், எத்தனை மாதம் உத்தரவாதம் என்பவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். புதிய அமைப்பு பிழையின்றி ஓடுகிறதென்று உறுதியாகும்வரை, கழற்றிய கியர்பாக்ஸையும் அதன் கம்ப்யூட்டரையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் உங்கள் வசமே வைத்துக்கொள்ளுங்கள்.