காமிராவுக்குச் சிக்காத கிதார்காரர்

மூன்று நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம் அது. 1941-ம் ஆண்டு அமெரிக்காவில் எடுத்தது. சுமார் 15 பேர் கொண்ட ஒரு வாத்தியக் கோஷ்டி கோட்டும் டையுமாக உட்கார்ந்து வாசிக்கிறது. பாட்டின் பெயர் ‘ஏர் மெயில் ஸ்பெஷல்’. பெயரைக் கேட்டதும் ரெயில்வேக்காரனான நான் ஏதோ தபால் வண்டி வரப் போகிறது என்றுதான் எண்ணினேன். வண்டி வரவில்லை. ஆனால் வண்டியின் வேகம் வந்தது!

இதைக் காட்டியவர் என் ஆபீஸ் நண்பர். கோவாக்காரர். ஓய்வு பெற இன்னும் நான்கே மாதம் இருக்கிறது. அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் மும்பை ஓட்டல் ஒன்றில் ஜாஸ் கோஷ்டியில் டிரம்பெட் ஊதியவர். மதிய சாப்பாட்டு வேளையில் செல்போனை டிபன் கேரியர் மேல் சாய்த்து வைத்து, “இதிலே கிதார் வாசிக்கிறவரைப் பாருங்கள்” என்றார்.

பார்த்தேன். கிதார் வாசிக்கிறவரைக் காணோம்.

“மறுபடி பாருங்கள்” என்றார். இரண்டாம் முறை ஓட்டியபோது, பியானோவுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே, மடியில் பெரிய கிதாரை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தெரிந்தது சில விநாடிகள்தான். யாராவது தனி ஆவர்த்தனம் வாசிக்க எழுந்தால் காமிரா அவரிடம் போய்விடுகிறது. அல்லது பியானோக்காரரின் விரல்களுக்கு. அல்லது டிரம்ஸ்காரரின் சிரிப்புக்கு. அந்த டிரம்ஸ்காரர் ஜோ ஜோன்ஸ். அவருடைய சிரிப்பும் அவருடைய தட்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

“சார், இவர் வாசிக்கிறது காதிலும் விழவில்லையே?” என்றேன்.

“விழாது. அதுதான் அவர்” என்றார் நண்பர்.

அவர் பெயர் பிரெடி கிரீன். கோஷ்டியின் தலைவர், பியானோ வாசிக்கும் கவுண்ட் பாசி. கிரீன் இந்தக் கோஷ்டியில் சேர்ந்தது 1937-ல். கடைசியாக எழுந்து போனது 1987-ல். ஐம்பது வருட சர்வீஸ்!

ஒத்து ஊதியவர்கள்

நம் ஊர் நாதசுர கோஷ்டியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முன்னால் நாதசுரக்காரர். பக்கத்தில் தவில். பின்னால் ஒருவர் கன்னம் உப்ப ஒத்து ஊதிக்கொண்டிருப்பார். ஒரே சுருதி, ஏற்றமில்லை, இறக்கமில்லை. இன்னொருவர் கையில் தாளம் தட்டுவார். ‘ஒத்து ஊதுகிறான்’ என்பதை நாம் ஏச்சாகவே வைத்துவிட்டோம். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் உறவில் பெரியப்பா முறையில் ஒருவர் ஒத்து ஊதினார். ஊரில் நாதசுரக்காரரின் பெயரைச் சொல்வார்கள், தவில்காரரின் பெயரைச் சொல்வார்கள், மூன்றாவதாக “கூட வந்தவங்க” என்பார்கள். பிறகு சுருதிப் பெட்டி வந்தது. மின்சாரத்தில் ஓடும் பெட்டி வந்தது. பெரியப்பா வயல் வேலைக்குப் போனார்.

பிரெடி கிரீன் செய்தது இந்த இரண்டு வேலையையும் சேர்த்து. தாளமும் அவரே, சுருதிக்குத் துணையும் அவரே. ஒரு தாள வட்டத்துக்கு நான்கு அடி. நான்கு அடிக்கும் கை மேலிருந்து கீழே ஒரே சீராக இறங்கும். பாட்டின் போக்குக்கு ஏற்ப இடது கை விரல்கள் கம்பிகளின் மேல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று நிமிடப் பாட்டானாலும் சரி, முழு இரவு நடனமானாலும் சரி.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பெரிய கோஷ்டிகள் ஆட்டத்துக்காக வாசித்தன. ஜனங்கள் கேட்க மட்டும் வரவில்லை, ஆட வந்தார்கள். கால் தடுமாறக்கூடாது. பாசியின் கோஷ்டியில் தாளத்தைக் கவனித்துக்கொள்ள நான்கு பேர்: பியானோவில் பாசி, பெரிய பாஸ் வாத்தியத்தில் வால்ட்டர் பேஜ், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ், கிதாரில் கிரீன். இவர்களுக்கு இணை அமெரிக்காவிலேயே கிடையாது என்று பேர் வாங்கியவர்கள். பாசி பியானோவைக் கஞ்சத்தனமாகத்தான் வாசிப்பார். இரண்டு சுரம் தட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். ஜோன்ஸ் பெரிய டிரம்மைப் போட்டு இடிக்காமல் மேலே இருக்கும் வெண்கலத் தட்டுகளில் மெதுவாகத் தட்டுவார். அவ்வளவு தைரியம் அவர்களுக்கு எப்படி வந்தது? நடுவில் கிரீனின் கை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால்தான் என்பது என் கட்சி.

சம்பளப் பட்டியல் போடும் கிளார்க்குகளுக்கு இந்தத் தொழில் தெரியும். பட்டியல் சரியாக இருந்தால் ஒருவரும் மேஜைப் பக்கம் வரமாட்டார்கள்.

நாற்காலி தைத்தவர்

கிரீன் 1911-ல் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் ஊரில் பிறந்தார். கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வேலை தேடி வடக்கு நகரங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போன காலம். அவரும் நியூயார்க் போனார். பகலில் சோபாவுக்கும் நாற்காலிக்கும் குஷன் தைக்கும் வேலை, இரவில் வாசிப்பு. முதலில் பாஞ்சோ, பிறகு கிதார். ‘பிளாக் கேட்’ என்ற சின்ன கிளப்பில் அவர் வாசித்ததை ஜான் ஹாமண்ட் என்ற இசை ரசிகர் கேட்டார். திறமையுள்ளவர்களைத் தேடிப் பிடித்து மேடை ஏற்றுவதில் பேர் போனவர் அவர். அவர் சொல்லித்தான் பாசி கிரீனைச் சேர்த்துக்கொண்டார். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் கிளாட் வில்லியம்ஸ். அவர் பிடில் வாசிப்பிலும் கெட்டிக்காரர். அவர் போய் இவர் வந்தார். பகலெல்லாம் அடுத்தவர் உட்கார நாற்காலி தைத்தவருக்குச் சொந்தமாக ஒரு நாற்காலி கிடைத்தது.

கிரீனுக்குப் பாடவும் தெரியும். 1938-ல் பாசியின் ஆட்கள் சிலர் சேர்ந்த ஒரு சின்ன கோஷ்டியின் இசைத்தட்டில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். கேட்டால் குரல் நன்றாகவே இருக்கிறது. என்ன காரணமோ, அதைத் தொடரவில்லை.

பெட்டிக்குள் சினிமா

இனி அந்த மூன்று நிமிடப் படத்துக்கு வருவோம். இதைச் சினிமாக் கொட்டகைக்காக எடுக்கவில்லை. ‘பனோரம்’ என்று ஒரு பெட்டி இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் மரப்பெட்டி, மேல் பாதியில் திரை. மதுக்கடை, ஓட்டல், பஸ் நிலையம் இங்கெல்லாம் வைத்திருப்பார்கள். பத்து சென்ட் நாணயம் போட்டால் ஒரு பாட்டு ஓடும். ஒரு சுருளில் எட்டுப் பாட்டு. இதுதான் வேண்டும் என்று கேட்க முடியாது. வரிசையில் அடுத்தது எதுவோ அதுதான்! இந்தப் படங்களுக்கு ‘சவுண்டி’ என்று பெயர். 1940-ல் தொடங்கி ஏழெட்டு வருடத்துக்குள் முடிந்துபோன வியாபாரம். ஆனால் அந்தச் சில வருடங்களில் கறுப்பினக் கலைஞர்கள் பலருடைய வாசிப்பு படமாயிற்று. ஆலிவுட் பெரிய படங்களில் அவர்களுக்குக் கிடைத்த இடம் வேறு மாதிரி. கதையோடு ஒட்டாமல் ஒரு பாட்டு மட்டும் வரும். தெற்கு மாநிலங்களில் காட்டும்போது கத்தரித்தாலும் கதை கெடாது என்பதற்காகவே அப்படி.

இந்தச் சவுண்டிகளைப் பார்க்கும்போது இரண்டு சூட்சுமம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, பாட்டை முன்பே பதிவு செய்துவிடுவார்கள். பிறகு படம் பிடிக்கும் நாளில் அந்த ஒலியை ஓடவிட்டு, வாசிப்பதுபோல் கையசைக்கச் சொல்வார்கள். நம் சினிமாவில் கதாநாயகன் வாயசைப்பது போலத்தான். ஆகவே அந்தப் படத்தில் கிரீனின் கையைப் பார்க்கிறோமே, அந்தக் கை எழுப்பும் ஓசையை நாம் கேட்கவில்லை. வேறொரு நேரத்தில் அதே கை எழுப்பியதைக் கேட்கிறோம்.

இரண்டாவது இன்னும் வேடிக்கை. பெட்டிக்குள் கண்ணாடிகள் வைத்து, திரையின் பின்பக்கமிருந்து படத்தை விழச் செய்வார்கள். அதற்காகப் பிரதியையே இடவலம் மாற்றி அச்சடித்தார்கள். அந்தப் பிரதியைச் சாதாரண புரொஜெக்டரில் ஓட்டினால், கிதார்காரர் இடது கைக்காரர் ஆகிவிடுவார்! பழைய துண்டுப் படம் எது கிடைத்தாலும் கோட்டின் மேல் பையைப் பாருங்கள் என்று நண்பர் சொல்லிக் கொடுத்தார். ஆண்களின் கோட்டில் அது இடது மார்பில் இருக்கும். வலது பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு கோளாறு இருந்தும் எதற்கு இதைப் பார்க்க வேண்டும்? எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் விடை கிடைத்தது. நடிக்கச் சொன்ன இடத்திலும் அந்த மனிதர் நடிக்கவில்லை. காமிராவைப் பார்த்துப் பல் காட்டவில்லை. கிதாரைத் தூக்கிக் காட்டவில்லை. ஒலி ஏற்கெனவே பதிவாகிவிட்டது, யாரும் தன்னைக் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தும், கோஷ்டியோடு கோஷ்டியாகத் தன் வேலையில் இருக்கிறார்.

மின்சாரம் வந்தது

‘ஏர் மெயில் ஸ்பெஷல்’ பாட்டை இயற்றியவர்கள் பட்டியலில் பென்னி குட்மேன், ஜிம்மி முண்டி ஆகியோருடன் சார்லி கிறிஸ்டியன் பெயரும் இருக்கிறது. இவரும் கிதார்காரர்தான். குட்மேன் கோஷ்டியில் 1939-ல் சேர்ந்து, மின்சாரக் கிதாரில் டிரம்பெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் சமமாகத் தனி ஆவர்த்தனம் வாசித்தவர். பின்னால் ஓரமாக இருந்த கிதாரை முன்னால் கொண்டு வந்தவர்களில் முதல் வரிசை. 1942-ல் காசநோயில் இறந்தார். வயது 25. அவர் வாசிப்பது இசைத்தட்டில் இருக்கிறது. அசையும் படமாக ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறார்கள்.

கிறிஸ்டியன் காட்டிய வழியில் கிதார்காரர்கள் எல்லாரும் ஒலிபெருக்கி வாங்கினார்கள். கிரீனும் கொஞ்ச காலம் ஒன்றை வைத்துப் பார்த்தாராம். அவர் முன்னால் வந்து வாசிக்கத் தொடங்கினால் தாளம் என்ன ஆவது? சகாக்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அந்தப் பெட்டியில் எதையாவது கழற்றிவிடுவார்களாம். கடைசியில் அவரும் விட்டுவிட்டார் என்று கோஷ்டிக்குள் ஒரு கதை உண்டு. சிரித்துக்கொண்டே சொல்லும் கதைதான். எனக்கு முழுக்கச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைக் கழற்றியவர்கள் எல்லாரும் எழுந்து நின்று தனியாக வாசித்தவர்கள் அல்லவா?

அதன் பிறகு அவர் வெறும் மரக் கிதாரோடேயே இருந்தார். 15 பேரின் சத்தத்துக்கு நடுவே அது கேட்க வேண்டுமே! கம்பிகளைக் கழுத்துக் கட்டையிலிருந்து நன்றாக உயர்த்தி வைத்துக்கொண்டார். அப்போதுதான் பலமாக அடித்தாலும் கம்பி கட்டையில் பட்டு அதிராது. அதை அழுத்த விரலில் இரும்பு வலு வேண்டும். மற்றவர்கள் அவருடைய கிதாரை வாங்கி வாசிக்கத் திணறுவார்களாம். ஆறு கம்பியையும் அவர் ஒலிக்க விடுவதில்லை. பல சமயம் ஒன்றிரண்டு கம்பிகள்தான் சுரமாகக் கேட்கும், மற்றவை வெறும் தட்டல் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1950-ல் ஒரு சோதனை வந்தது. யுத்தத்துக்குப் பின் பெரிய கோஷ்டிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. பாசி கோஷ்டியைக் கலைத்து, ஏழெட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொண்டார். கிரீனுக்கு அழைப்பு இல்லை. பதின்மூன்று வருடம் உழைத்தவருக்கு! ஒருநாள் கிதாரைத் தூக்கிக்கொண்டு அவர் தாமாகவே வந்து உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வார்கள். ‘என் வயதின் நல்ல காலத்தையெல்லாம் இங்கே கொடுத்தேன், என்னை விட்டுவிட்டா போகிறீர்கள்’ என்ற அர்த்தத்தில் பேசினாராம். பாசி மறுக்கவில்லை. 1952-ல் பாசி மறுபடி பெரிய கோஷ்டி கட்டியபோது அந்த நாற்காலியைப் பற்றிக் கேள்வியே எழவில்லை. 1955-ல் அவர் இயற்றிய ‘கார்னர் பாக்கெட்’ என்ற உருப்படி இன்றும் ஜாஸ்காரர்கள் விரும்பி வாசிப்பது. அதில்கூட அவருக்குத் தனி ஆவர்த்தனம் வைத்துக்கொள்ளவில்லை.

அவரை நேரடி ஒலியோடு பார்க்க வேண்டுமானால், 1957 டிசம்பர் 8-ந் தேதி அமெரிக்க சி.பி.எஸ். டெலிவிஷனில் வந்த ‘தி சவுண்ட் ஆப் ஜாஸ்’ நிகழ்ச்சி இருக்கிறது. அப்படியே நேரடி ஒளிபரப்பு. கையசைப்பு வேலை கிடையாது. பாசி, ஜோ ஜோன்ஸ், கிரீன் மூவரும் இருக்கிறார்கள். பாஸ் வாத்தியத்தில் எட்டி ஜோன்ஸ். பழைய கூட்டாளி வால்ட்டர் பேஜ் அதே மாதம் இறந்துபோனார்.

பாசி 1984-ல் இறந்தார். கோஷ்டி தொடர்ந்தது, தாட் ஜோன்ஸ் தலைவரானார், பிறகு பிராங்க் பாஸ்டர். தலைவர்கள் மாறினார்கள். கிதார் நாற்காலி மாறவில்லை. 1987 மார்ச் 1-ந் தேதி, லாஸ் வேகாஸ் நகரில் கச்சேரி வாசித்துவிட்டு வந்த பின் கிரீன் இறந்தார். வயது 75.

போன வாரம் நண்பர் இன்னொரு பாடம் வைத்தார். 1937-ல் பதிவான ‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ இசைத்தட்டைப் போட்டு, “பியானோவைக் கேட்காதீர்கள், டிரம்ஸைக் கேட்காதீர்கள், இரண்டுக்கும் நடுவில் கேளுங்கள்” என்றார். நாலைந்து முறை ஒன்றும் பிடிபடவில்லை. அன்று மாலை லோக்கல் வண்டியில் நின்றுகொண்டு காதில் மாட்டிக் கேட்டபோது, எங்கோ ஆழத்தில் ‘சக், சக், சக், சக்’ என்று ஒன்று போய்க்கொண்டிருந்தது. முதலில் தண்டவாளச் சத்தம் என்று நினைத்தேன். தாதரில் வண்டி நின்றது. அது நிற்கவில்லை.

மறுநாள் அந்தச் சவுண்டியைத் திரும்பப் பார்த்தேன். இப்போது அங்கும் அது கேட்டது. அந்த நேரம் காமிரா ஜோ ஜோன்ஸின் சிரிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது.