நிலையும் கதவும் யாருக்கு?

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் நிமிர்ந்து நிற்க, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியிருப்பதைக் காண்போருக்கு, பொருந்திய கல்லே கட்டடம், பெயர்ந்துவிட்டால் அது வெறுங்கல் என்பது விளங்கும். வீடு வாங்குவோர் பலர் இவ்வுண்மையைச் சாவி கைக்கு வந்த பிறகே உணர்கின்றனர்: முன்பணம் கொடுத்த அன்று கண்ட தேக்குக் கதவைக் காணோம், நிலை பெயர்த்த இடத்தில் சுண்ணாம்புக் காரை உதிர்ந்து கிடக்கிறது, ஆழ்துளைக் கிணற்றோரம் மோட்டார் வயர் அறுந்து தொங்குகிறது.

ஸ்தாவரம் (அசையாச் சொத்து) எது, ஜங்கமம் (அசையும் சொத்து) எது என்னும் இவ்விவகாரத்தில், 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வேறு கருத்து வெளிப்படாதவரை, பூட்டு, சாவி, கதவு, ஜன்னல் முதலாக வீட்டின் நிரந்தர உபயோகத்துக்கென அமைந்தவை யாவும் வீட்டோடு வாங்கியவரையே சேரும் என்கிறது. பிற பொருள்களில், எவ்வளவு உறுதியாகப் பொருத்தப்பட்டது, எந்நோக்கத்துடன் பொருத்தப்பட்டது என்னும் இரண்டையும் நீதிமன்றங்கள் ஆராயும். வசதிக்காக அடுக்கிவைத்த கற்கள் ஜங்கமம், அவற்றையே சாந்தின்றிச் சுவராக அடுக்கினால் நிலத்தின் பகுதி என்று 1872-இல் ஓர் ஆங்கிலத் தீர்ப்பு விளக்கிற்று. அந்நோக்கில், உத்தரத்தில் பதித்த ஊஞ்சல் வளையம் வீட்டுக்கு உரியதென்றும், பலகையோ விற்பவர் கொண்டுசெல்வதற்கு உரியதென்றும் கொள்ள இடமுண்டு. மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் இன்வெர்ட்டரும் சச்சரவுக்கு உரியவை.

நம் முன்னோர் கிரய சாசனங்களில் ஜலம் (நீர்), தரு (மரம்), பாஷாணம் (கல்) என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுதியது வெறும் சம்பிரதாயமன்று. எழுதாதது வழக்காகும் என்ற அனுபவ ஞானம். ஆகவே கிரய ஒப்பந்தத்திலேயே, வீட்டோடு சேர்வன இவை, விற்பவர் எடுத்துச்செல்வன இவை என்று பட்டியலிட்டு, அதையே பத்திரத்தின் சொத்து விவரத்திலும் சேர்த்து, பதிவுக்கு முன்தினம் வீட்டை மறுபடி நேரில் பாருங்கள். பாட்டியின் ஊஞ்சலைப் பிரிய மனமில்லாத விற்பனையாளருக்கும் அப்பட்டியலே காவல்.

ஒப்பந்தத்துக்குப் பின் சொத்தை ஒப்படைக்கும்வரை விவேகமுள்ள உரிமையாளரைப்போல் அதைப் பேணுவது விற்பவர் கடமை எனச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விதிக்கிறது. அதை மீறிப் பெயர்த்திருந்தால், உடனே புகைப்படம் எடுத்து, வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பி, நஷ்டஈட்டுக்கு மூன்றாண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். பெண்களுக்கும் வறியோருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். தொலைபேசி எண் 15100. ஆயினும், வழக்கில் வெல்லும் நஷ்டஈடு, பெயர்த்த நிலையை அதே சுவரில் மீண்டும் பொருத்தித் தராது; பெயர்க்குமுன் எழுதிய ஒரு வரி அதைக் காத்துத் தரும்.