உடையாத ஜன்னல் நமக்கு வேண்டுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

வீட்டுக்கு வாசல் வாய் என்றால் ஜன்னலே கண். அந்தக் கண்ணுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்ற கேள்வி இந்த ஆண்டு என் தலையில் விழுந்தது.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், விசைத்தறியில் கூலிக்கு நெய்யும் என் தந்தை சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வீடு கட்டுகிறார். கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர், “புயலடித்தாலும் உடையாது” என்று ஒரு ஜன்னலைக் காட்டினார். மரக்கதவு ஜன்னலைப் போல் மூன்று மடங்கு விலை; வட்டிக்கு வாங்கித்தான் போட வேண்டும். அப்பா என்னைப் பார்த்து, “ஏந்தாயி, நம்ம வீட்ல நீதான படிச்ச புள்ள, நீயே சொல்லு” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்ணாடியின் மூன்று குணங்கள்

சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாகும். சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்த ‘டஃபன்டு’ கண்ணாடி அதைவிட நாலைந்து மடங்கு வலியது. உடைந்தால் கற்கண்டு போல் உதிரும். ஆனால் உதிர்ந்தபின் ஜன்னல் வெறும் ஓட்டைதான். மூன்றாவது ‘லேமினேட்டட்’ கண்ணாடி. இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கல்லடிபட்ட பேருந்தின் முன் கண்ணாடி சிலந்தி வலைபோல் விரிந்தும் விழாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது. கடைக்காரர் காட்டியதும் இதையே.

புயலும் கணக்கும்

புயலில் ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தள்ளும். வெளிக்காற்றோ கூரையை மேலே உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் கூரை பறக்கும். 1992 ஆகஸ்டில் ‘ஆண்ட்ரூ’ புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கியபின், அங்கே கடுமையான சோதனை வந்தது. சுமார் 4 கிலோ மரச்சட்டத்தை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஜன்னல்மேல் எறிகிறார்கள். அதன் இயக்க ஆற்றல் 450 ஜூல். நம் தெருப் பையன் அடிக்கும் 160 கிராம் கிரிக்கெட் பந்து நொடிக்கு 20 மீட்டரில் வந்தாலும் 32 ஜூல்தான்!

இந்தியத் தரநூல் ஐ.எஸ். 875 அடிப்படைக் காற்று வேகத்தைச் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் என்றும், மதுரைக்கு 39 மீட்டர் என்றும் வகுக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். சென்னைக்குச் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். மதுரைக்கு 913 தான். 2016 டிசம்பரில் ‘வர்தா’ கண்ட சென்னைக்கும், 2018 நவம்பரில் ‘கஜா’ கண்ட நாகப்பட்டினத்துக்கும் அந்த ஜன்னல் தகும். கடலுக்குத் தள்ளியிருக்கும் நம் கரிசல் காட்டில் கோடைச் சூறை முதலில் தூக்குவது தகரக் கூரையைத்தான்.

நம் மாவட்டத்தின் பயம் வேறு

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பட்டாசும் கல்குவாரியும் உள்ள மாவட்டம் நமது. 2024 மே 1 அன்று காரியாபட்டியை அடுத்த ஆவியூர் பக்கம் கல்குவாரி வெடிமருந்து வெடித்து மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். வெடியலை பரவும்போது, தூரத்து வீடுகளில் இருப்பவர்களுக்கும் கண்ணாடிச் சில்லே ஆயுதமாகிவிடும். அதற்கு மருந்து விலையுயர்ந்த கண்ணாடி மட்டுமா? கண்ணாடியே இல்லாத மரக்கதவில் சில்லு ஏது? கண்ணாடி வேண்டிய இடத்தில் உட்புறம் ஒட்டும் பாதுகாப்புப் படலம், உடைந்த சில்லுகளைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். செலவும் மிகக் குறைவு.

என் தீர்ப்பு

அப்பாவிடம் சொன்னேன்: “வேப்பமரக் கதவும் நல்ல தாழ்ப்பாளும் போதும்ப்பா. முன்னறையில் மட்டும் சின்னக் கண்ணாடி வச்சுப் படலம் ஒட்டலாம். மிச்சப் பணத்துல தறிக்கொட்டகைத் தகரத்தை போல்ட் போட்டு இறுக்குங்க.” அவர் நோட்டில் இருந்த என் கணக்கை வெகுநேரம் பார்த்தார். எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் அவருக்குத் தெரியும். “சரி தாயி” என்றார். வட்டிக்கடைக்கு அவர் போகவில்லை.

தோழர்களே, தோழியரே! பாடப்புத்தகத்தில் பரீட்சைக்காகப் படித்த அரை எம் வி ஸ்கொயர் ஒரு நெசவாளியின் சீட்டுப் பணத்தைக் காத்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு காத்திருக்கும், போட்டுப் பாருங்கள்.