கோழிக்கும் ஓம வாட்டர்!

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டோடு கியூவில் நிற்கிறோம். சரியாக என் தட்டில் லெக் பீஸ் விழுந்த நேரம் பார்த்து, பின்னால் நின்ற ரூம்மேட் திருவாய் மலர்ந்தான். ‘‘மச்சி, இதெல்லாம் ஹார்மோன் ஊசி போட்டு வளர்த்த கோழிடா!’’ சொல்லிவிட்டு, அவன் மட்டும் ரெண்டு பீஸ் கேட்டு வாங்கிப் போனான்!

இந்த ஊசி மேட்டரை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று பல்லடம் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணைக்கு பஸ் ஏறினேன். ஊசியைத் தேடிப் போன இடத்தில் கிடைத்ததோ ஓமம்!

நீளமான ஷெட். தரை முழுக்க தேங்காய் நார்க்கழிவு. அதன் மேல் வெள்ளை வெளேரென்று 5,000 கோழிகள். உள்ளே நுழைந்ததும் அம்மோனியா வாசனை மூக்கில் குத்தியது. ஊசி பற்றிக் கேட்டதும் பண்ணைக்கார அண்ணா சிரித்துவிட்டார். ‘‘ஏங்கண்ணு, அஞ்சாயிரத்தையும் ஒவ்வொண்ணாப் புடிச்சு ஊசி போட எத்தனை ஆள் வேணும்? இன்ஜினீயருக்குத்தானே படிக்கிறே, நீயே கணக்குப் போட்டுச் சொல்லு!’’

கணக்கு உதைக்கத்தான் செய்கிறது. ரகசியம் ஊசியில் இல்லை, ஜாதியில் இருக்கிறது. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி ரகங்களுக்கும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56-வது நாளில் 1957 ரகம் 905 கிராம். 2005 ரகம் 4,202 கிராம்! எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இனவிருத்தி செய்ததன் பலன்.

அப்போ நாம் நிம்மதியாகச் சாப்பிடலாமா? அங்கேதான் ட்விஸ்ட். பயப்பட வேண்டிய ஆசாமி வேறு. பெயர், ஆன்டிபயாடிக்.

1948 கடைசியில் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வைட்டமின் பி12-ஐத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் மருந்து தயாரித்த பிறகு மிஞ்சும் சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தால், குஞ்சுகள் கிடுகிடுவென வளர்ந்தன. அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுப்பது வேறு. நோயே இல்லாத கோழிக்குத் தினமும் கொஞ்சூண்டு தீவனத்தில் கலப்பது வேறு. இரண்டாவதில், கோழி வயிற்றில் இருக்கும் கிருமிகளுக்கு நாமே ட்யூஷன் எடுத்து மருந்தைத் தாங்கப் பழக்குகிறோம். நாளைக்கு அதே கிருமி நமக்குள் வந்தால், டாக்டர் எழுதும் மாத்திரை வேலை செய்யாமல் போகலாம்.

ஸ்வீடன் 1986-லேயே, வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய யூனியன் முழுக்க 2006-ல் நிறுத்தியது. இங்கே? 2014-ல் டெல்லியில் சி.எஸ்.இ. அமைப்பு 70 கோழி சாம்பிள்களைச் சோதித்ததில் 40 சதவிகிதத்தில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது. கடைசி ஆயுதமாக டாக்டர்கள் பத்திரப்படுத்தும் கொலிஸ்டினை கால்நடைகளுக்குக் கொடுக்க 2019-ல்தான் இந்தியா தடை போட்டது.

சரி, ஓமத்துக்கு வருவோம். ஷெட்டுக்குப் பின்னால் அடுப்பில் ஒரு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓமம், பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி. ஓமத்தில் இருக்கும் தைமால் கிருமியின் மேல் சவ்வைக் குலைத்துவிடும். பூண்டில் அல்லிசின். கீழாநெல்லியை ஈரலுக்கு என்று கொடுக்கிறார். ஆறவைத்து, வடிகட்டி, குடிதண்ணீரில் கலந்துவிடுகிறார்.

‘‘தீவனத்துலயே கலக்கலாமேண்ணா?’’ என்றேன்.

‘‘இது கான்ட்ராக்ட் பண்ணை கண்ணு. குஞ்சு கம்பெனிது, தீவனம் கம்பெனிது, மருந்தும் கம்பெனிது. தண்ணி மட்டும்தான் நம்மளுது!’’

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஷெட், கரன்ட், உழைப்பு எல்லாம் இவருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பதைப் பொறுத்து அதுவும் கூடும், குறையும். மருந்து வேண்டாம் என்று தள்ளி, பேட்ச் படுத்துவிட்டால் அடி இவருக்குத்தான்!

‘‘போன பேட்ச்சுக்கு இதைத்தான் குடுத்தேன். சாவும் கம்மி, எடையும் சூப்பர்’’ என்றார் பெருமையாக. எந்த மாசம் என்று கேட்டேன். மார்கழி. ஒப்பிட்டது எந்த பேட்ச்சோடு? சித்திரை! வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு, தீவனம் எடுக்காமல் நின்ற கோழிகளோடு, குளிரில் ஜம்மென்று சாப்பிட்ட கோழிகளை ஒப்பிட்டால் யார் ஜெயிப்பார்கள்? ஜெயித்தது ஓமமா, மார்கழியா? நான் இதைச் சொன்னதும் அண்ணா ஒரு நிமிஷம் என்னை முறைத்தார். பிறகு, ‘‘அட ஆமா!’’ என்றார்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் என் ஸ்கூல் தோழிக்கு போன் போட்டேன். பொரிந்து தள்ளிவிட்டாள். ‘‘ஹெர்பல்னு லேபிள் ஒட்டிட்டா போதுமா? ஒரே ஓமம்தான், ஆனா ஊருக்கு ஊர், அறுவடைக்கு அறுவடை சத்து மாறும். தீவனத்துல கலந்தா, குருணையாக்குறப்ப 80 டிகிரி சூட்டுல எண்ணெய்ச் சத்து கொஞ்சம் பறந்துடும். தப்பிச்சது குடலோட கடைசி வரை போகாம முன்னாடியே உறிஞ்சப்பட்டுடும். அதனாலதான் கொழுப்புல பொதிஞ்சு தர்றாங்க. வேப்பிலை ஜாஸ்தியானா கசப்புல கோழி தீவனமே எடுக்காது. முருங்கை இலை ஓவரானா நார்ச்சத்து ஏறி எடை குறையும். முக்கியமா, எந்தக் கஷாயமும் ராணிக்கெட் தடுப்பூசிக்கு பதில் ஆகாது. இதையும் எழுது!’’ எழுதிட்டேன் தாயே.

அவள் சொன்ன இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. ஆராய்ச்சிக்கூடத்தின் சுத்தமான ஷெட்டில் மூலிகை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பல நேரம் பெரிதாக வித்தியாசம் தெரியாதாம். கிருமி குறைவு என்றால் கொல்ல என்ன இருக்கிறது? ஆன்டிபயாடிக்கை நிறுத்திய ஐரோப்பியப் பண்ணைகளும் மூலிகையை மட்டும் நம்பி உட்காரவில்லை. ஷெட் சுத்தம், காற்றோட்டம், தடுப்பூசி எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. முதலில் அந்த அம்மோனியா நாற்றத்தைக் குறைக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். அண்ணாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அதற்குள் அவரே வந்து, ‘‘கண்ணு, தண்ணி நிப்பிள் எல்லாம் அடிக்கடி அடைச்சுக்குது. இந்தக் கஷாயம்தான் காரணமா?’’ என்றார். ஆமாம், வண்டல்தான். லைனை ஃப்ளஷ் பண்ணாவிட்டால் அதுவே கிருமிக்கு வீடாகிவிடும்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். கம்பெனி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, அடுத்த பேட்ச்சில் ஷெட் நடுவே வலை கட்டி இரண்டாகப் பிரிக்கிறார். ஒரு பக்கம் ஓமத் தண்ணீர், மறுபக்கம் வெறும் தண்ணீர். ஒரே குஞ்சு, ஒரே தீவனம், ஒரே வெயில். வாரா வாரம் ரெண்டு பக்கமும் எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும்.

‘‘எடை போட ஆள்?’’ என்றார். வாய் விட்டுவிட்டேன். முதல் எடை போடும் தேதியைப் பார்த்தால்... அன்றைக்கு எனக்கு தெர்மோடைனமிக்ஸ் இன்டர்னல்! ரூம்மேட்டை அனுப்பலாம் என்றிருக்கிறேன். ஊசியையும் அவனே தேடிப் பார்க்கட்டும்!