இடுப்பு மூட்டு மாற்றப் போகிறீர்களா? உங்கள் அளவுக்குக் கேளுங்கள்!

"ஐயா, ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. அதெல்லாம் வேணாம். நீங்க ஒரு எண்ணெய் காய்ச்சிக் குடுங்க, போதும்!"

கையில் எக்ஸ்-ரே படத்தோடு வந்து நின்ற அந்த அம்மாவுக்கு வயது 42. குறிஞ்சிப்பாடியில் கைத்தறி நெசவுக் குடும்பம். சின்ன வயதிலிருந்தே ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். 'பிறவிக் குறை' என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். வலி என்று என்னிடம் வந்ததும் தைலம், ஒற்றடம் என்று மூன்று வருடம் பார்த்தேன். வலி குறையும், மறுபடி வரும். ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் தவறுதான். தறி மிதிக்கவே முடியாமல் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "அம்மா, இதுக்கு என் எண்ணெய் போதாது!"

ஆழமில்லாத ஆட்டுக்கல்

இடுப்பு மூட்டு ஆட்டுக்கல் மாதிரி. இடுப்பெலும்பில் ஒரு குழி. அதற்குள் தொடை எலும்பின் உருண்டைத் தலை. குழி ஆழமாக இருந்தால் குழவி நின்று சுழலும். மேலோட்டமாக இருந்தால்? வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே குழி ஆழமில்லாமல் அமைந்துவிடும். பெண் குழந்தைகளுக்கும், வயிற்றில் கால் கீழாக இருந்த குழந்தைகளுக்கும், குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறை இருந்தாலும் வாய்ப்பு அதிகம். எடை சின்ன இடத்தில் விழுவதால் குருத்தெலும்பு சீக்கிரமே தேய்ந்துபோகும்.

தைலம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது, குழியை ஆழப்படுத்தாது. தேய்மானம் முற்றினால் மூட்டு மாற்றுதான் வழி. சித்த வைத்தியனான நானே இதைச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் ஒரே மூட்டு சரிவருமா?

வராது! வயதாகித் தேய்ந்த மூட்டு வேறு, பிறவியிலேயே கோணிய மூட்டு வேறு. செயற்கை மூட்டில் மூன்று பாகங்களைக் கவனிக்க வேண்டும்.

கிண்ணம்: குழி சின்னது என்பதால் பெரும்பாலும் சின்ன அளவுக் கிண்ணம் தேவைப்படும். சிமென்ட் இல்லாமல், சொரசொரப்பான மேற்பரப்பில் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும் வகையை இளவயதினருக்கு அதிகம் வைக்கிறார்கள். மேல்பக்கம் எலும்பு போதாவிட்டால், வெட்டியெடுத்த உங்கள் தொடைத் தலையிலிருந்தே எலும்பு வைத்து நிரப்புவதுண்டு.

தண்டு: இவர்களுக்குத் தொடை எலும்பின் உள்குழாய் குறுகலாக இருக்கும், கழுத்து முன்பக்கம் திருகியிருக்கும். சாதாரணத் தண்டு அந்தத் திருகலோடேயே போய் உட்காரும், மூட்டு நழுவலாம். அதனால் டாக்டர் தேவையான கோணத்துக்குத் திருப்பி வைக்கக்கூடிய கூம்பு வடிவத் தண்டோ, இரண்டு பாகமாகப் பொருத்தும் தண்டோ வேண்டியிருக்கும்.

உரசும் பரப்பு: பீங்கான் பந்தும், தேய்மானம் குறைந்த புதுவகைப் பிளாஸ்டிக் உறையும் இளவயதினருக்கு நல்ல ஜோடி. பீங்கானோடு பீங்கானும் குறைவாகத்தான் தேயும்; ஆனால் சிலருக்குக் கிறீச்சிடும், அபூர்வமாக உடையும். பந்து பெரிதானால் நழுவும் வாய்ப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் சின்னக் கிண்ணத்தில் பெரிய பந்து வைத்தால் உறை மெலிந்துபோகும்.

உலோகத்தோடு உலோகம்: ஒரு பாடம்

ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த டெப்யூ நிறுவனம் 'ஏ.எஸ்.ஆர்.' என்ற உலோக மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. உரசலில் கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்து சதையைக் கெடுத்தன, ரத்தத்திலும் கலந்தன. சின்ன அளவு மூட்டு வைத்த பெண்களுக்குப் பாதிப்பு அதிகம். இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் இது வைக்கப்பட்டிருந்தது. 2018-ல் மத்திய அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று கணக்கு வகுத்தது. வேதனை என்னவென்றால், மூட்டு வைத்துக்கொண்ட பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை!

டாக்டரிடம் கேளுங்கள்

* பிறவிக் குறை உள்ள இடுப்புகளுக்கு நீங்கள் அடிக்கடி அறுவை செய்கிறீர்களா?
* சின்ன அளவுக் கிண்ணமும் தண்டும் தயாராக இருக்குமா?
* கால் நீளம் எவ்வளவு சரியாகும்? (ஒரேயடியாக நான்கு சென்டிமீட்டருக்கு மேல் இழுத்தால் நரம்பு பாதிக்கப்படலாம். அதனால் சிலருக்குத் தொடை எலும்பைக் கொஞ்சம் வெட்டிக் குறைப்பதுண்டு.)
* முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எனக்குச் செலவு கிடைக்குமா?

முக்கியமாக, மூட்டுப் பெட்டியில் வரும் ஸ்டிக்கர்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, அளவு, வரிசை எண் எல்லாம் அதில்தான் இருக்கும்.

எங்களிடம் சாப்பிடும் சூரணம், லேகியம் எல்லாவற்றையும் அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அறுவைக்குப் பிறகு அவர் அனுமதி இல்லாமல் யாரிடமும் தடவவோ, வர்மம் பார்க்கவோ போகாதீர்கள். சம்மணமிடுவது, குந்தி உட்காருவது எப்போது, எந்த அளவுக்கு என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

அந்த அம்மா இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தார் சுற்றுகிறார். ஸ்டிக்கர் நகலை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். "தொலைச்சிட மாட்டேன் ஐயா" என்கிறார்.

உங்கள் வீட்டில் யாராவது சின்ன வயதிலிருந்தே சாய்ந்து நடக்கிறார்களா? என்னைப் போல மூன்று வருடம் காத்திருக்காதீர்கள். முதலில் ஒரு எக்ஸ்-ரே எடுத்துவிடுங்கள்!